உபகாரச் சம்பளமா, உரிமைச் சம்பளமா?

பென்ஷன் என்ற ஆங்கில வார்த்தையைத் தமிழில் 'உபகாரச் சம்பளம்' என்று எழுதுவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. பத்திரிகைகளும் கச்சேரிக் காகிதங்களும் அப்படியே எழுதி வந்தன. பார்வைக்கு மிகச் சாதுவான சொல்தான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய ராஜ்யக் கொள்கையே அடங்கியிருக்கிறது. வேலை செய்த காலத்துக்குச் சம்பளம் கொடுத்தாகிவிட்டது. அத்துடன் கணக்குத் தீர்ந்தது. அதற்குப் பிறகு கொடுப்பது எதுவாயினும் அது எஜமானனுடைய தயவு என்பதே அக்கொள்கை. தயவாகக் கொடுப்பவனிடம் 'இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும்' என்று கேட்பவன் யாசகன் ஆகிறான். கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவன் யாசகன் ஆகமாட்டான். யுத்தத்தில் காயம்பட்டு, ஊர் திரும்பி, முதுமையும் எய்திவிட்ட ஒரு சிப்பாய் தமது பென்ஷனை உயர்த்தும்படி மனுப் போடும்போது அவரை இவ்விருவரில் யாராக நாம் கருதுகிறோம்? இந்த ஒரு கேள்விக்கு நேரான விடை கண்டுவிட்டால் மற்றக் கேள்விகள் எல்லாம் தாமே தெளிந்துவிடும்.

அன்னிய சர்க்கார் இவ்விஷயத்தில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. 1871-ம் வருஷத்துப் பென்ஷன் சட்டம், சர்க்கார் அளிக்கும் பென்ஷனைப் பற்றிய வழக்கைச் சிவில் கோர்ட்டுகள் விசாரிக்கலாகாது என்று தடை விதித்தது; கலெக்டரோ அவரை ஒத்த அதிகாரியோ அத்தாட்சி கொடுத்தாலன்றிக் கோர்ட்டின் கதவு திறவாது. யார் மீது வழக்கோ அவருடைய உத்தியோகஸ்தரிடமே அனுமதி பெற்று வழக்குத் தொடுக்க வேண்டுமாம்! கொடுப்பதும் குறைப்பதும் அவர்கள் சித்தம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சுதந்திரம் வந்தபின் இக்கொள்கை மாறியது. பென்ஷன் என்பது சர்க்காரின் மனம்போல் அளிக்கும் தருமம் அன்று, அது ஒரு சொத்து என்று 1971-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 1982-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி நகாரா வழக்கில் அதே கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே சென்றது. பென்ஷன், செய்த சேவைக்காகச் சேர வேண்டிய பொருள். முதுமையில் மானத்தோடு வாழ்வதற்கான சமூக நீதி. இன்ன தேதிக்கு முன் ஓய்வு பெற்றவர், பின் ஓய்வு பெற்றவர் என்று மனம்போன கோடு கிழித்து ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுப்பது சமத்துவத்துக்கு விரோதம் என்று அத்தீர்ப்பு முழங்கியது. அந்த டிசம்பர் 17-ஐப் பென்ஷன்தாரர்கள் இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆகவே சட்டத்தின் பாஷை மாறிவிட்டது. கச்சேரியின் பாஷை மாறியதா என்பதே கேள்வி.

யார் இந்த மனுதாரர்கள்?

1965-ம் வருஷ யுத்தத்தில் இருபது வயதுச் சிப்பாயாக இருந்தவர் இன்று எண்பதைத் தொட்டவர். 1971-ல் கிழக்கு வங்காளத்திலும் மேற்கு எல்லையிலும் போரிட்டவர்கள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். 1987 முதல் 1990 வரை இலங்கையில் அமைதிப் படையில் பணிபுரிந்தவர்கள் அறுபதை எட்டியும் கடந்தும் நிற்கிறார்கள். 1999-ல் கார்கில் சிகரங்களில் ஏறிய இளைஞர்களுக்குக்கூடத் தலை நரைத்துவிட்டது. உதக மண்டலத்துக்கு அருகே வெல்லிங்டனில் பயிற்சி பெற்று மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த தமிழர்களும், மற்றப் பட்டாளங்களில் சேர்ந்தவர்களும் இக்கூட்டத்தில் உண்டு. வட ஆற்காட்டிலும் தென் ஜில்லாக்களிலும் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் கிராமங்கள் இருப்பதை யாவரும் அறிவர்.

இவர்களில் காயத்தோடு திரும்பியவர்களுக்கு யுத்தம் முடிந்த தேதி சரித்திரப் புஸ்தகத்தில் இருக்கும் தேதி அன்று. ஒவ்வொரு நாள் காலையிலும் பொய்க்காலை மாட்டும்போது அவர்களுக்கு யுத்தம் மறுபடி தொடங்குகிறது.

கணக்கின் தன்மை

அங்கத்துக்கு விலை வைக்க முடியாது என்று நாம் சொல்லுகிறோம். ஆனால் சர்க்கார் விலை வைத்தே ஆகவேண்டும், வைத்திருக்கிறது. அந்தக் கணக்கை நம் வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

ஊனமுற்ற சிப்பாயின் பென்ஷனில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று அவர் செய்த சேவைக்கு. மற்றொன்று அவர் அடைந்த ஊனத்துக்கு. ஊனம் எவ்வளவு என்பதை இராணுவ வைத்திய போர்டு 100-க்கு இத்தனை வீதம் என்று நிர்ணயிக்கிறது. அந்த ஊனம் இராணுவ சேவையால் நேர்ந்திருக்க வேண்டும், அல்லது சேவையால் அதிகப்பட்டிருக்க வேண்டும். 100-க்கு 20 வீதமாவது இருக்க வேண்டும். 1961-ம் வருஷத்து இராணுவப் பென்ஷன் விதிகள் இப்படிச் சொல்லுகின்றன.

சிப்பாயின் கடைசிச் சம்பளம் 100 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 2006-ம் வருஷத்திலிருந்து வந்த முறைப்படி, பணியில் சாதாரணமாக நேர்ந்த ஊனம் முழு அளவாக, அதாவது 100-க்கு 100 ஆக, இருந்தால் ஊனப் பகுதிக்கு 30 ரூபாய். ஊனம் 20 வீதம் என்றால் 6 ரூபாய். எதிரியின் குண்டால் நேர்ந்த போர்க் காயமானால் கணக்கு வேறு. காயத்தோடு சேவையில் நீடித்துப் பின் ஓய்வு பெற்றவருக்கு முழு ஊனத்துக்கு 60 ரூபாய். காயத்தால் சேவைக்கே தகுதியற்றவர் என்று வெளியேற்றப்பட்டவருக்கு 100 ரூபாய். இரண்டு பகுதிகளும் சேர்ந்து கடைசிச் சம்பளத்துக்கு மேற்படக்கூடாது என்ற வரம்பும் முன்பு இருந்தது.

அறுந்து போன காலுக்கு, எதிரியின் வெடியால் போனோமா, சமாதான காலத்தில் சர்க்கார் லாரி கவிழ்ந்து போனோமா என்பது தெரியாது. ஆனாலும் போரில் உயிரைப் பணயம் வைத்தவருக்குத் தேசம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமே. அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. நமது ஆட்சேபம் வேறு. ஒரே ஊனத்துக்குப் பதவியைப் பார்த்துப் பணம் நிர்ணயித்த காலமும் இருந்தது. ஐந்தாவது சம்பளக் கமிஷனுக்குப் பின், முழு ஊனத்துக்கு மாதம் அதிகாரிக்கு 2,600 ரூபாய், சுபேதார் வகுப்பாருக்கு 1,900 ரூபாய், சிப்பாய்க்கு 1,550 ரூபாய். ஏழாவது கமிஷனும் முறையே 27,000, 17,000, 12,000 ரூபாய் என்று படி வகுத்தது. ராணுவத்தாரின் ஆட்சேபத்துக்குப் பின் 2017-ல் சர்க்கார் பழைய வீதாசார முறைக்கே திரும்பியது. வீதாசாரமானாலும் சம்பளம் குறைந்தவருக்கு அங்கத்தின் கிரயமும் குறைவுதான். கிழக் காலாட் சிப்பாய் 'கூட்டிக் கொடுங்கள்' என்று கேட்பதன் முதல் காரணம் இங்கே இருக்கிறது.

விசுவாசத்துக்குக் கிடைத்த தண்டனை

வைத்திய போர்டின் நிர்ணயத்தில் ஒரு டாக்டருக்கும் இன்னொரு டாக்டருக்கும் அபிப்பிராய பேதம் உண்டாவது சகஜம். ஒருவர் 30 என்பார். மற்றவர் 40 என்பார். இந்தத் தகராற்றை ஒழிக்க 1996 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு அமலுக்கு வந்தது. ஊனம் 50-க்குக் குறைவாயிருந்தால் 50 என்றும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 என்றும், அதற்கு மேற்பட்டால் 100 என்றும் கொள்வது என்பதே அது. நாம் மேலே சொன்ன உதாரணத்தில் 6 ரூபாய் பெற்றவருக்கு இதனால் 15 ரூபாய் கிடைக்கும். சிறிய குடும்பத்துக்கு இது சிறிய வித்தியாசம் அன்று.

ஆனால் இந்த நன்மையைச் சர்க்கார் எல்லோருக்கும் கொடுக்கவில்லை. ஊனத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவருக்கு மட்டுமே என்று 2001-ம் வருஷத்து உத்தரவில் கோடு கிழித்தது. காயத்தைப் பொறுத்துக்கொண்டு, வலியைப் பல்லைக் கடித்து விழுங்கி, ஒப்புக்கொண்ட காலம் முழுவதும் சேவை செய்துவிட்டு முறைப்படி ஓய்வு பெற்றவருக்கு இல்லை! விசுவாசமாக நீடித்தது குற்றமாகப் போயிற்று. 1996-க்கு முன் வெளியேறியவருக்கும் மறுக்கப்பட்டது. நகாரா வழக்கில் எந்தக் கோட்டைச் சுப்ரீம் கோர்ட்டு அழித்ததோ அதே மாதிரிக் கோடு மறுபடி கிழிக்கப்பட்டது.

இவ்விரண்டு அநீதிகளும் நீங்கின. ஆனால் சர்க்காரின் மனமாற்றத்தால் அல்ல. முன்னர் வெளியேறியவருக்கும் இந்நன்மை உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லவேண்டியிருந்தது. முழுக் காலம் சேவை செய்தவருக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10-ந் தேதி மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அந்த டிசம்பர்த் தீர்ப்பில் முடிவு கண்டது ஒரு வழக்கு அல்ல. சர்க்கார் செய்துகொண்ட அப்பீல்களின் ஒரு குவியல். அந்தக் குவியலில் ஒவ்வொரு கட்டுக்கும் பின்னால் ஒரு முதியவர் காத்திருந்தார்.

நிரூபிக்க வேண்டியவர் யார்?

கூடுதல் பென்ஷன் கேட்கும் மனுக்கள் தள்ளப்படுவதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: 'இவருடைய ஊனம் இராணுவ சேவையால் நேர்ந்ததல்ல.' இதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

பட்டாளத்தில் ஆள் சேர்க்கும்போது நடப்பது என்ன? மார்பை அளக்கிறார்கள், கண்ணைச் சோதிக்கிறார்கள், பல்லை எண்ணுகிறார்கள், ஓடச் சொல்லுகிறார்கள். சிறு குறை கண்டாலும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இவ்வளவு சோதனையில் தேறியவர் பல வருஷங்கள் கழித்து நோயோடும் ஊனத்தோடும் வெளியே வரும்போது, 'இது உன் பிறவிக் குறை; எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

1982-ம் வருஷத்து விதிகளே இதற்கு இடம் கொடுக்கவில்லை. சேரும்போது குறை ஏதும் குறிக்கப்படாவிட்டால் அவர் பூரண ஆரோக்கியத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பை மனுதாரர் மீது சுமத்தக்கூடாது. சந்தேகத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும் என்பவை அவ்விதிகள். விதி ஏட்டில் இருந்தது. வழக்கம் வேறாக இருந்தது. 1985-ல் சேர்ந்து சுமார் ஒன்பது வருஷ சேவைக்குப்பின் வலிப்பு நோயால் வெளியேற்றப்பட்ட ஒரு சிப்பாயின் வழக்கில், 2013 ஜூலை 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவ்விதிகளை எடுத்துக்காட்டி, காரணம் எதுவும் எழுதாமல் 'சேவையால் அல்ல' என்று வைத்திய போர்டு கைச்சாத்திட்டால் அது செல்லாது என்று தீர்த்தது. 1994-ல் வெளியேறியவருக்கு நீதி 2013-ல் வந்தது.

அதற்கு முன் நடந்த இன்னொரு விநோதத்தையும் சொல்லவேண்டும். வைத்திய போர்டு சிப்பாயை நேரில் பரிசோதித்து ஊனம் இவ்வளவு என்று எழுதும். அலகாபாத்திலுள்ள பென்ஷன் கணக்கு அலுவலகத்தில், அச்சிப்பாயைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் அதைக் குறைப்பார்கள், அல்லது தள்ளுவார்கள். நோயாளியைத் தொட்டுப் பார்த்த டாக்டரின் முடிவைக் காகிதத்தை மட்டும் பார்த்தவர் மாற்ற முடியாது என்று 1993-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டித்தது. கோர்ட்டு சொல்லித்தான் தெரியவேண்டிய உண்மையா இது?

காகிதமும் எப்போதும் கிடைப்பதில்லை. பென்ஷன் பெறாமல் வெளியேறியவரின் சேவைத் தஸ்தாவேஜுகளை 25 வருஷங்களுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது இராணுவ விதி. இளமையில் உரிமை அறியாது வீடு திரும்பி, முதுமையில் எவரோ சொல்ல அறிந்து மனுப் போடுகிறவரிடம், காயச் சான்று எங்கே என்று கேட்கிறார்கள். வைத்திருந்தவரே கொளுத்திவிட்டுக் கொண்டுவா என்பது போன்றது இது.

கோர்ட்டுப் படிகள்

சிப்பாய்களின் வழக்குகளை விரைவில் தீர்க்கவென்று 2007-ல் சட்டம் செய்து, 2009-ல் ஆயுதப் படை டிரிபியூனல் தொடங்கினார்கள். சென்னையிலும் ஒரு கிளை உண்டு. எண்ணற்ற முதியவர்கள் அதன் மூலம் நியாயம் பெற்றிருக்கிறார்கள் என்பதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் டிரிபியூனல் தோற்கடித்தால் அடுத்த படி எது? ஹைகோர்ட்டுகள் இவ்வழக்குகளில் தலையிடுவது தகாது என்று 2015-ல் தீர்ப்பானதால், டில்லிக்குச் சென்று சுப்ரீம் கோர்ட்டில் வக்கீல் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமற் போயிற்று. பக்கத்து ஊருக்குப் பஸ்ஸில் போகவே துணை வேண்டியிருப்பவர் டில்லிக்கு எப்படிப் போவார்? 2023 மார்ச்சு 21-ந் தேதிதான் ஹைகோர்ட்டின் கதவு ஐயமறத் திறந்தது.

காலதாமதத்தின் நஷ்டமும் ஏழையின் தலையிலேயே விடிந்தது. 1983-ல் ஊனத்தால் வெளியேறி 1999-ல் கோர்ட்டுக்கு வந்த ஒருவர் வழக்கில், மாதந்தோறும் பென்ஷன் மறுப்பது தொடர்ந்து இழைக்கப்படும் தவறு என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 2008-ல் ஏற்றது. ஆயினும் வழக்குத் தொடுத்ததற்கு முந்திய மூன்று வருஷ பாக்கி மட்டுமே என்று முடிவு செய்தது. அத்தீர்ப்பைக் காட்டிப் பின்னர் எத்தனையோ பேருக்குப் பாக்கி சுருக்கப்பட்டது. கொடுக்க வேண்டியவர் தாமதித்தால் அவருக்கு லாபம். கேட்க வேண்டியவர் தாமதித்தால் அவருக்கு நஷ்டம். சாதாரண லேவாதேவிக்காரன் இப்படி நடந்தால் ஊர் என்ன சொல்லும்?

ராணுவ மந்திரியாயிருந்த மனோகர் பாரிக்கர் 2015-ல் நியமித்த நிபுணர் குழு, ஊனப் பென்ஷன் விஷயங்களில் சர்க்கார் ஓயாமல் அப்பீல் செய்வதை நிறுத்த வேண்டும் என்று சிபார்சு செய்தது. அது வெளியாரின் குற்றச்சாட்டு அன்று. மந்திரி தாமே கேட்டு வாங்கிய யோசனை. யோசனை நல்லதென்று பாராட்டியவர்கள் பலர். அப்பீல்களோ அதற்குப் பின்னும் நின்றபாடில்லை.

காயத்துக்கும் வயதாகிறது

இதுகாறும் சொன்னவை கோர்ட்டுகள் கண்டுபிடித்த குறைகள். கோர்ட்டுகளின் கண்ணுக்கு அவ்வளவாகப் படாத ஒரு குறை உண்டு. நம் கருத்தில் அதுவே எல்லாவற்றிலும் பெரியது.

முன்னெல்லாம் ஊனப் பென்ஷன் பெறுகிறவரைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை வைத்திய போர்டின் முன் மறுபடி நிறுத்துவார்கள். போர்டு ஊனம் குறைந்துவிட்டதென்று எழுதினால் பென்ஷனும் குறையும், நின்றும் போகும். இந்தத் தொல்லையை 2001-ல் சர்க்கார் ஒழித்தது. நிரந்தர ஊனம் ஒருமுறை நிர்ணயிக்கப்பட்டால் ஆயுள் முழுதும் அதுவே. சிப்பாய் தாமாகக் கேட்டால் மட்டுமே மறுபரிசோதனை. நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. கேளாதவரின் காயம், பட்டாளத்தை விட்ட தினத்து அளவிலேயே காகிதத்தில் உறைந்துபோய் நிற்கிறது. உடலில் அது அப்படி நிற்பதில்லை.

ஒரு காலை இழந்த இருபத்தைந்து வயது இளைஞன் கோலூன்றி மலையும் ஏறுவான். ஐம்பது வருஷம் உடலின் பாரமெல்லாம் மற்றக் காலில் இறங்கினபின், அந்த நல்ல காலின் முழங்கால் தேய்கிறது. இடுப்பும் முதுகும் வலிக்கின்றன. இது வைத்தியர்கள் அறிந்த சங்கதி. பீரங்கிப் படையில் செவி மந்தமானவருக்கு முதுமையின் செவிடும் சேர்ந்துகொள்கிறது. இளமையில் 'நாற்பது' என்று எழுதிய ஊனம் எழுபத்தைந்து வயதில் மனிதனைக் கட்டிலோடு கட்டிவிடுகிறது. அப்போது, இது முதுமையா, காயமா என்று கச்சேரி கேட்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டப் பிரமனாலும் ஆகாது. முதுமை எல்லோருக்கும் வருகிறது. ஆனால் காயம்பட்டவருக்கு அது முன்கூட்டியே வருகிறது. அந்த முன்கூட்டி வந்த முதுமை தேசத்தின் கணக்கில் எழுத வேண்டிய செலவு.

முதுமைக்கென்று சர்க்கார் கொடுக்கும் சலுகை ஒன்று உண்டு. எண்பது வயதானால் பென்ஷனில் 100-க்கு 20 வீதம் கூடும். 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதானால் முழுவதும் இரட்டிக்கும். நல்ல ஏற்பாடே. ஆனால் சுகதேகியான ஓய்வு குமாஸ்தாவுக்கும், ஒரு காலோடு ஐம்பது வருஷம் தத்தி நடந்த சிப்பாய்க்கும் அதே எண்பதுதான் வரம்பு. காயத்தோடு எண்பதைக் காண்பது எத்தனை பேருக்குக் கிட்டும்?

இக்கேள்வியை வேறு ஒரு தேசம் நூற்றிருபது வருஷங்களுக்கு முன்பே சந்தித்தது. அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டு யுத்தத்தில் போரிட்ட வடமாகாணச் சிப்பாய்கள், முதுமையில் கூடுதல் பென்ஷன் கேட்டு வைத்திய போர்டுகளின் முன் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். எந்த வலி குண்டால், எந்த வலி வயதால் என்று பிரித்துப் பிரித்து டாக்டர்களும் அலுத்தார்கள். 1904-ல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியாயிருந்தபோது, 62 வயதானால் பாதி ஊனம் என்றும் 70 வயதானால் முழு ஊனம் என்றும் கொள்ளும்படி உத்தரவாயிற்று. 1907-ல் காங்கிரஸ் சபை அதைச் சட்டமாக்கி, 62 வயதில் மாதம் 12 டாலர், 70-ல் 15, 75-ல் 20 என்று விதித்தது. சேவை செய்ததையும் வயதையும் காட்டினால் போதும்; காயத்தை மறுபடி நிரூபிக்க வேண்டாம். செல்வ தேசம் செய்தது என்று தள்ளிவிட வேண்டாம். நியாயம் செல்வத்தைப் பொறுத்ததன்று.

பொக்கிஷத்தின் கவலை

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்வது பத்திரிகையின் கடமை. 2025-26 பட்ஜெட்டில் ராணுவப் பென்ஷனுக்கு மட்டும் சுமார் 1,61,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. பொக்கிஷம் வகிக்கும் மந்திரி கவலைப்படுவதில் தவறில்லை. ஊனப் பென்ஷன் பெறுவோரின் வீதம் சிப்பாய்களைக் காட்டிலும் அதிகாரிகளிடையே அதிகமென்றும், இரத்தக் கொதிப்பு, நீரிழிவு போன்ற நோய்கள் அதில் மிகுதியென்றும் 2023-ல் தணிக்கைத் தலைவரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. அதே வருஷம் செப்டம்பரில் சர்க்கார் புதிய விதிகளை வெளியிட்டு, சேவையில் நீடித்து ஓய்வு பெறுவோரின் ஊனப் பகுதிக்குப் பெயரையும் மாற்றியது. உரிமையற்றவர் பெறுவதைத் தடுப்பது நல்லதே. ஒரு பொய்க் கோரிக்கை பத்து மெய்க் கோரிக்கைகளுக்குச் சந்தேகத்தைத் தேடித் தருகிறது.

ஆனால் வேலியை மேயும் மாட்டைத் தடுக்கப் பயிரையே வெட்டிவிடலாமா? மேல் பதவியில் உள்ளவர் ஓய்வு பெறும் தறுவாயில் எழுதப்படும் ஊனத்தைப் போர்டு கண்டிப்பாகச் சோதிக்கட்டும். அதற்காக 1971-ல் காயம்பட்ட காலாட் சிப்பாயின் மனுவை ஏன் நசுக்க வேண்டும்? அவருடைய கோரிக்கையைத் தோற்கடிக்கச் சர்க்கார் வக்கீலுக்குக் கொடுப்பதும் அதே பொக்கிஷத்துப் பணந்தானே!

காயமுற்றோரிடம் இத்தேசம் கல்நெஞ்சாக நடந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-ல் தொடங்கிய பள்ளி கிர்க்கியில் இருக்கிறது. பூனாவில் 1944 முதல் பொய்க்கால் செய்யும் நிலையம் இருக்கிறது. 1971 யுத்தத்துக்குப் பின், இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்களுக்கென்று 1974-ல் கிர்க்கியில் இல்லம் ஏற்பட்டது. இவையெல்லாம் கருணையின் சின்னங்கள். கருணை வேண்டியதே. ஆனால் கடன் கடனாகத் தீரவேண்டும்; கருணையைக் காட்டிக் கடனைத் தள்ளிவைக்கக்கூடாது.

செய்ய வேண்டியது

நாம் கோருவது நான்கே காரியங்கள். கோர்ட்டு முடிவாகத் தீர்த்துவிட்ட விஷயத்தில் ஒருவருக்குக் கொடுத்த நன்மையை, அதே நிலையிலுள்ள அனைவருக்கும் மனுவின்றியே சர்க்கார் கொடுக்க வேண்டும். யாருடைய பென்ஷன் எவ்வளவு என்பது சர்க்காரின் ஏட்டிலேயே இருக்கிறது. தீர்ந்துபோன விஷயத்தில் அப்பீல் செய்வதை நிறுத்த வேண்டும். பாக்கியை, அது விழுந்த தேதியிலிருந்து கணக்கிட்டு வட்டியோடு கொடுக்க வேண்டும். போரில் காயம்பட்டவருக்கு அறுபத்தைந்தாவது வயதிலும் எழுபத்தைந்தாவது வயதிலும் ஊனத்தை மறுபடி மதிப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டில் வீதம் கூடலாமேயன்றிக் குறையலாகாது. நடக்க இயலாதவரின் வீட்டுக்கு டாக்டரே செல்ல வேண்டும். பட்டாளத்தில் சேர்க்க மாத்திரம் கிராமத்துக்கு ஆள் அனுப்பத் தெரிந்த சர்க்காருக்கு, இதற்கும் ஆள் அனுப்பத் தெரியாமலிராது.

காலம் கடத்துவதில் ஒரு கொடிய சிக்கனம் இருக்கிறது. மனுதாரர்கள் வருஷந்தோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள். 1965-ன் சிப்பாய்களைப் பொறுத்த மட்டில் இன்னும் பத்து வருஷம் சும்மா இருந்தால் கோரிக்கை தானே அடங்கிவிடும். அப்படி அடங்கவிடுவது ஒரு சுதந்திர தேசத்தின் கணக்கு முறையாக இருக்கலாகாது.

உபகாரச் சம்பளம் என்ற பழைய சொல்லை வேண்டுமானால் வைத்துக்கொள்வோம். அதன் பொருளை மட்டும் திருத்திக்கொள்வோம். உபகாரம் செய்தவர் அந்தச் சிப்பாய். பெற்றுக்கொண்டது தேசம். இப்போது மாதந்தோறும் கொடுப்பது அந்த உபகாரத்துக்கு ஈடு. அதுவும் முழு ஈடு அன்று.